இரண்டாம் கை

அப்பா தம்மாமிலிருந்து கொண்டுவந்த பெட்டியில்
வயர் சுற்றிய இரண்டு கைகள் இருந்தன.
(அதற்கு வேறு பேர் எங்களுக்குத் தெரியாது.)
ஒன்றில் ஸ்டார்ட் பட்டன் உண்டு,
மற்றதில் கிடையாது.
கிடையாதது எனக்கு.
"நீ சின்னவ" என்றான் கிளாட்சன்,
பதினோரு மாசம் மட்டும் மூத்தவன்.

குறும்பனையில் இரும்பு எதுவும் நாள்பட நிற்காது.
ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், கதவுக் கொண்டி,
எல்லாவற்றையும் கடல் நக்கி நக்கியே தின்றுவிடும்.
மஞ்சள் கேசட்டின் பற்களிலும்
வாரத்துக்கொருதரம் பச்சை பூக்கும்.
மற்ற வீடுகளில் ஊதினார்கள்.
நாங்கள் அழிரப்பரால் தேய்த்தோம்.
தூள் உதிர உதிரப் படம் தெளியும்.

ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது விளையாட்டு
என்று அச்சடித்திருந்தது கேசட்டின் நெற்றியில்.
ஒரு கிறிஸ்துமஸ் லீவு முழுக்க எண்ணினோம்.
பதினேழு.
மீதியெல்லாம் அதே பதினேழு
மாறுவேஷம் போட்டு வந்தது.
ஆனாலும் ஒவ்வொரு பக்கமாய்ப் போய்ப் பார்த்தோம்,
பதினெட்டாவது எங்காவது ஒளிந்திருக்கும் என்று.

எங்களுக்கு வாய்த்தது டாங்கி.
செங்கல் சுவர், தண்ணீர், கொஞ்சம் காடு,
கீழே நடுவில் ஒரு கழுகு. அதைக் காக்கணும்.
மஞ்சள் அவன், பச்சை நான்,
அட்டைப் படத்தில்.
எங்கள் கருப்புவெள்ளை டிவியில் இரண்டும் சாம்பல்.
யார் யாரென்று பார்த்தால் தெரியாது,
அசைந்தால்தான் தெரியும்.

என் குண்டு பட்டால் அவன் சாகமாட்டான்.
கொஞ்ச நேரம் மினுங்கிக்கொண்டு
நின்ற இடத்தில் நிற்பான்.
இந்த விதியைக் கண்டுபிடித்தது நான்.
அதற்காக வாங்கிய குட்டு கொஞ்சமில்லை.
"ஏட்டி பெல்சி, ஆளு வாறான், சும்மா கெடயேன்!"
கிடக்கமாட்டேன்.
நிறுத்துகிற பட்டன் இல்லாதவள்
பிறகு எப்படித்தான் நிறுத்துவாள்?

சேமிக்க வழியில்லாத பெட்டி அது.
அணைந்தால் முதலிலிருந்து.
இருபத்தெட்டாம் கட்டம் எட்டிய சனிக்கிழமை ராத்திரி
டிவியை மட்டும் அணைத்துவிட்டு
பெட்டியின் சிவப்பு விளக்கைத் தோர்த்தால் மூடிப் படுத்தோம்.
இருட்டில் நான் தொட்டுப் பார்த்தேன்,
அடாப்டர் காய்ச்சல் பிள்ளைபோலச் சுட்டது.
விடிகாலையில் அம்மா
பூசைக்கு உடுத்தும் சேலையைத் தேய்க்க
அந்தப் பிளக்கைத்தான் பிடுங்கினாள்.
கோயிலில் கிளாட்சனின் கண்ணீரைப் பார்த்து
பக்தியுள்ள பையன் என்றார் உபதேசியார்.

இரண்டாயிரத்து மூன்று, மே மாசம்.
திருவனந்தபுரம் ஏர்போர்ட் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
அப்பாவின் பழைய பெட்டியை உருட்டிக்கொண்டு போகிறான்,
நேராகப் போய், சட்டென்று திரும்பி,
மறுபடி நேராக,
டாங்கியேதான்.
சுரிதார் ஓரத்தில் என் கட்டைவிரல்
தானாக இரண்டுதரம் அழுத்தியது.
வரிசை முனையில் ஒருவர் கைகாட்டி நிறுத்தினார்.
நின்றான். பாஸ்போர்ட் தேடினான்.
நான் சுட்டதாகவே வைத்துக்கொண்டேன்.
கொஞ்ச நேரம்தானே. பிறகு போய்விட்டான்.

இப்போது அவன் ஜுபைலில். பிரஷர் மாத்திரை.
நான் கருங்கலில், மாடி வீட்டில்.
என் மகன் போனில் அதே டாங்கியை இறக்கித் தந்தான்.
எங்கேயும் நிறுத்தலாமாம், சேமிக்கலாமாம்,
செத்ததைப் பின்னோக்கி ஓட்டி
சாகாமல் ஆக்கலாமாம்.
முதல்முறையாகக் கலரில் பார்த்தேன்.
பச்சை பச்சையாகவே இருந்தது.
எனக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு.
அங்கிருந்து அவனும் இங்கிருந்து நானும்.
நான்காம் கட்டத்தில் நெட் திணறியது.
மஞ்சள் டாங்கி
செங்கல் சுவரோரம் அப்படியே நின்றது.
ஸ்பீக்கரில் அவன் குரல் மட்டும் பிந்தி வந்தது:
"ஏட்டி, நீயா சுட்ட?"

மேலே இடது மூலையில் இரண்டுபேர் முளைத்து
கழுகைப் பார்த்து இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"ஆமா" என்றேன்.