நாலாம் தசமம்

கல்லாறு முடிந்து நீலாவணை தொடங்குமுன்
பிரதான வீதியோரம் என் கடை.
போட்டோக் கொப்பி, லெமினேட்டிங், ரீலோட்.
கொஞ்சம் தெற்கே நடந்தால் மாவட்டம் மாறும்.
வெயில் மாறாது. உப்புக் காற்று மாறாது.
கண்டக்டர் மிச்சக்காசு தராத முறையும் மாறாது.
வெட்டுப்புள்ளி மாறும்.

பெறுபேறு வந்த இரவு சேவர் தொங்கிக் கிடந்தது.
அடித்து அடித்து, இரண்டு பிள்ளைகளின் சுட்டெண்ணும்
என் விரலுக்கே மனப்பாடம்.
யதுஷாளினி, கோட்டைக்கல்லாறு.
ஹஸ்மியா, மருதமுனை.
கல்முனையில் ஒரே ரியூசன், ஒரே வாங்கு,
உயிரியல் சேரிடம் வாங்கிய ஏச்சும் ஒன்றே.

இஸட் புள்ளி,
ஒன்று தசம் ஒன்று எட்டு ஆறு இரண்டு.
மற்றத் தாளிலும்
ஒன்று தசம் ஒன்று எட்டு ஆறு இரண்டு.
மிஷின் பழையதையே திரும்ப அடித்துவிட்டதென்று
ஒன்றைக் கசக்கப் போனேன்.
பெயரைப் பார்த்துத்தான் கை நின்றது.

மறுகா விண்ணப்பம்.
விருப்பத்தை வரிசைப்படுத்தச் சொல்கிறது திரை.
முதலாவது தாதியியல் என்றார்கள் இருவரும், ஒரே மூச்சில்.
கீழே இறங்க இறங்கக் குரல் தணிந்தது.
நாற்பதாவதில் ஹஸ்மியா கேட்டாள்,
"இது என்ன படிப்பு நானா?"
எனக்கென்ன தெரியும்.
குறியீட்டு இலக்கம் தெரியும்.

மின்னஞ்சல் முகவரி என்றொரு பெட்டி.
ஹஸ்மியாவிடம் இருந்தது.
யதுஷாளினி என்னைப் பார்த்தாள்.
கடையின் முகவரியைப் போட்டேன்,
எல்லாருக்கும் போடுவது போல.

எத்தனையோ மாதம் கழித்து
ஒரு வெள்ளிக்கிழமை வெட்டுப்புள்ளி வந்தது.
தெற்கே ஒருத்திக்கு இடம்.
வடக்கே ஒருத்திக்கு
நாலாம் தசமத்தில் ஏழு குறைவு.

அந்த ஏழு எவ்வளவு பெரியது?
ஒரு பல்தேர்வு வினாவில்
பேனை தயங்கிய நேரமா?
அவள் அழவில்லை.
"மாமி வீட்டில மூணு வருசம் இருந்து படிச்சிருந்தா?"
மாமி வீடு நீலாவணையில்.
நான் மிஷினுக்குத் தாள் அடுக்கினேன்,
ஏற்கெனவே நிறைந்திருந்த தட்டில்.

அந்த வருடப் பாதீட்டில்
இடங்களைக் கூட்டியதாக வானொலி சொன்னது.
கட்டில் கூடியதா என்று சொல்லவில்லை.
விடுதியில் ஒரு கட்டிலை இரண்டு பேர்
முறை வைத்துப் பகிர்கிறோம் என்றாள் ஹஸ்மியா,
மகாபொல மூன்று மாதமாய் வராமல்
என் கடன் கொப்பியில் பெயர் ஏறிய அன்று.
யதுஷாளினி தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தாள்,
மட்டக்களப்புக்கு ஆறரை பஸ்.

அதற்குப் பிறகு நடந்ததை
இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

கழிவு விலை, அதிர்ஷ்டச் சீட்டு,
டோனர் விற்பவனின் வாழ்த்து,
திறக்காத அறுநூறு மடல்களுக்கு நடுவே
ஒன்று இருந்தது.
யாரோ வேறு இடம் கிடைத்துப் போயிருக்கிறார்கள்.
வெற்றிடம் நிரப்பப்படுகிறது.
யதுஷாளினிக்கு அனுமதி.
ஏழு நாளுக்குள் பதில் தர வேண்டும்.

நான் திறந்தது ஒன்பதாம் நாள்.

கொழும்புக்கு எடுத்தேன்.
மணி அடித்தது, பாட்டு ஓடியது,
வரிசையில் நீங்கள் பதினேழாவது என்றது ஒரு குரல்.
கடைசியில் வந்தவர் மரியாதையாகத்தான் சொன்னார்,
அந்த இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விட்டதாம்.
அந்தப் பிள்ளை யார், எந்த ஊர்,
எத்தனையாம் தசமத்தில் காத்திருந்தது, தெரியாது.
அதன் வீட்டில் அன்றைக்குப் புக்கை பொங்கியிருக்கலாம்.
அதை நினைத்தும் தூக்கம் வரவில்லை.

இப்போது கண்ணாடியில் ஓர் அறிவித்தல் ஒட்டியிருக்கிறேன்:
*மாணவர்களுக்குச் சொந்த மின்னஞ்சல்
இலவசமாகத் திறந்து தரப்படும்.*

நேற்று யதுஷாளினி வந்தாள்.
வயரிங் படம் நாலு கொப்பி.
காசு வேண்டாமென்றேன்.
"கடைக்கு நட்டம் வரும் அண்ண"
நாணயங்களை எண்ணிக் கண்ணாடி மேல் வைத்தாள்.
அதன் அடியிலிருந்த அறிவித்தலைக் குனிந்து வாசித்தாள்.

"நல்ல வேல. எப்பயிருந்து செய்றீங்க?"