பதினேழாம் குப்பி

இரவு மூன்று மணிக்குச் சரியாக
இடது முழங்காலின் பின்புறம் தொடங்கும்.
முதலில் ஓர் எறும்பு.
பிறகு அதன் சுற்றம்.
பிறகு முதுகு முழுக்கத் திருவிழாக் கூட்டம்.

சொறிந்தால் சுகம்.
சுகத்தின் வாலைப் பிடித்தபடி எரிச்சல்.
நகக்கண்ணில் ஈரம் தட்டிய பிறகுதான்
விளக்கைப் போடுவேன்.

லான்ஜோவுக்குக் கீழே, மஞ்சள் ஆற்றின் வளைவில்
நீர் அளக்கும் நிலையத்தில் எனக்கு வேலை.
நாளுக்கு நான்கு முறை ஆற்றை மொண்டு
வடித்து, உலர்த்தி, எடைபோட்டு
மண்மலை இன்று எவ்வளவு கரைந்தது என்று எழுதுவேன்.
மண்ணின் அரிப்புக்குப் பதிவேடு உண்டு.
என் அரிப்புக்கு இல்லை.

நிலையத்தில் எல்லாரும் வைத்தியர்கள்.
மூட்டைப்பூச்சி என்றான் காங்.
ஆட்டிறைச்சி என்றாள் அவன் மனைவி.
மருந்துக்கடைப் பையன் ஒரு களிம்பு தந்தான்;
பத்து நாள் என் தோளில் காவல் இருந்தது,
பதினோராம் நாள்
எதிரியோடு சேர்ந்துகொண்டது.

சந்தைத் தெருவில் நியே வான்ரூவின் வைத்தியசாலை.
என்னைவிட ஆறேழு வயது இளையவள்.
என் தோலை அவள் பார்க்கவே இல்லை முதலில்.
நாக்கை நீட்டச் சொன்னாள்.
மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து
மூடிய கதவுக்குப் பின்னால் யாரோ பேசுவதைக் கேட்பவள்போல்
தலை சாய்த்தாள்.
"நூல்மாதிரி ஓடுகிறது."
தூரம் நின்று எத்தனை மாதம்?
நிற்பதற்கு முன் எவ்வளவு போனது?
குளிப்பது வெந்நீரிலா?

தோல் சிவக்கும் வெந்நீர், என்றேன்.
ஆற்று மண் வேறெப்படிப் போகும்?

"ரத்தம் குறைந்த இடத்தில் காற்று புகுந்திருக்கிறது.
வற்றிய ஆற்றில் காற்றுதானே ஓடும்?
காற்றைத் துரத்த வேண்டாம்.
ஆற்றை நிரப்புவோம். அது தானே கிளம்பும்."

எனக்குச் சிரிப்பு வந்தது.
இருபத்தாறு வருடம் ஆற்றோடு கிடப்பவளுக்கு
ஆற்றைப் பற்றிச் சொல்கிறாள்.
அதுவும் சரியாகச் சொல்கிறாள்.

முழங்காலுக்கு மேலே ஓர் ஊசி.
அந்த இடத்தின் பெயர் ரத்தக் கடலாம்.
இத்தனை காலம் ஒரு கடலை மடக்கிக்கொண்டு
நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.

ஹௌ யூஃபென் என்று என் பெயர் எழுதிய பொட்டலத்தில்
தாங்குய் வேர், கசப்பு வேர், துடைப்பச் செடியின் விதை,
சிள்வண்டு உரித்துப்போட்ட சட்டைகள்
கால் நகம் உட்பட முழுசாக.
கூடவே ஒரு சீட்டு:
மாவட்ட மருத்துவமனையில் கல்லீரல் சோதனை.
"காற்று என்று நான் சொன்னதால்
சோதனை வேண்டாம் என்று ஆகாது."

நிலையத்து அடுப்பில் கொதிக்கவைத்து
கைக்கு அகப்பட்ட குப்பியில் ஆற வைத்தேன்.
ஆகஸ்டு மாத ஆற்றின் நிறம், அச்சு அசல்.
காங் அதை எடுத்து வரிசையில் வைத்துவிட்டான்,
பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவே.
வடித்தான். உலர்த்தினான். எடைபோட்டான்.
"அக்கா, பதினேழில் ஒரு கால் கிடக்கிறது.
பூச்சிக் கால்.
மலையிலிருந்து இதுவுமா கரைந்து வருகிறது?"

பதிவேட்டில் அந்த வரியை அடித்தேன்.
அதே வேர்களை மறுபடி காய்ச்சிக் குடித்தேன்.
கசப்பு தொண்டையில் இறங்கி
யாரையோ தேடிக்கொண்டு முழங்கால்வரை போனது.

நாற்பது நாள்.
கல்லீரலில் குற்றமில்லை என்று தாள் வந்தது.
வெந்நீர் வெதுவெதுப்பாயிற்று.
குளித்ததும் நல்லெண்ணெய் தடவுகிறேன்.
எது கேட்டது என்று என்னைக் கேட்காதீர்கள்.
ஊசியா, வேரா, வண்டின் சட்டையா,
கொதிக்காத தண்ணீரா?
ஒரே குப்பியில் மொண்ட பிறகு
தனித்தனியாக எடைபோட எனக்குத் தெரியாது.

இப்போது விழிப்பது நாலரைக்கு.
ஓர் எறும்பு வருகிறது,
சுற்றத்தைக் கூட்டி வருவதில்லை.
கையைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்திருக்கிறேன்.
இருட்டில் ஆறு
எதிர்க்கரையைச் சொறிந்துகொண்டிருப்பது கேட்கிறது.
அதற்கு யார் நகம் வெட்டுவது?

ஆறு மணிக்கு முதல் குப்பி.