பகுதி ஆ: நிறுவனப் பொறுப்பாளர் நிரப்புக

குருமண்வெளித் துறையில்
பாதைக்குக் காத்து நிற்கிறேன்.
பாதை என்றால் இங்கே தெரு அல்ல.
மிதக்கும் தட்டு, இரண்டு மோட்டார் சைக்கிள்,
ஒரு மூட்டை உமி, அக்கரையில் மண்டூர்.
வெளியூர்ப் பேராசிரியர் ஒருவரிடம்
"பாதை இன்னும் வரவில்லை" என்று ஒருமுறை சொன்னேன்.
பாதை எப்படி வரும், நாம்தானே போகவேண்டும் என்று
அவர் கோபித்துக்கொண்டார்.
அதை என் விரிவுரைக் குறிப்பின் ஓரத்தில்
எழுதி வைத்திருக்கிறேன்,
எந்த அலகுக்கு என்று இன்னும் தெரியாமல்.

பையில் நுஸ்கியாவின் களக் குறிப்பேடு.
நிந்தவூர்ப் பிள்ளை. படுவான்கரையில் எட்டுக் கிழமை.
முக்காட்டைப் பார்த்ததும்
வாசல்கள் கொஞ்சம் சுருங்கியதை அவள் எழுதவில்லை.
"காலநிலை: வெயில். வரவேற்பு: போதுமானது."

சங்கக் கட்டடத்தில் யோகமலர்
படிவத்தை மேசையில் விரித்து
மேலே விளக்குமாற்றுக் கட்டையை வைத்திருந்தார், பறக்காமலிருக்க.
பத்துக் கட்டங்கள்.
நேரந்தவறாமை, ஆவணப்படுத்தல், தொழில்சார் எல்லை பேணல்
எல்லாம் வெறுமை.
கேட்டல் என்பதற்கு நேரே மட்டும் ஐந்து.
அடியில் பென்சிலால்:
'முதல் கிழமை புள்ள நல்லாக் கதைச்சிது.
மறுகா கதைக்கிறத விட்டிட்டுது.'

ஐந்தாம் கிழமைப் பக்கத்தில்
கையெழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது.
"செவ்வாய், பத்தரை மணி.
லோன் பொடியனின் பைக் சத்தம்.
ஆறு பெண்கள் நெல் மூட்டை அறைக்குள்.
ஏழாவதாக நான்.
ஏன் ஒளித்தேன் என்று தெரியாது மிஸ்.
எனக்குக் கடன் இல்லை."

எல்லையைப் படிப்பிக்கும்போது
வெண்பலகையில் ஒரு கோடு கீறுவேன்.
இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் சேவைநாடுநர்.
அந்த அறையை யோகமலர் திறந்து காட்டினார்.
மூட்டைகளுக்கு நடுவே
ஒரு கோட்டுக்கும் இடம் இல்லை.

அடுத்த செவ்வாய் அவள் வாசலிலேயே நின்றாளாம்.
பற்றுச்சீட்டுப் புத்தகத்தை வாங்கி
ஒவ்வொரு தாளாய்ப் புரட்டினாளாம்.
இரண்டு பேர் கட்டிய மூன்று தவணை
எங்கும் பதியப்படவில்லை.
பொடியனுக்கு வேர்த்துவிட்டது.
'அவனும் பாவம் மிஸ், அவனுக்கும் டார்கெட் இருக்காம்.
தண்ணி குடுத்தம்.'

எழும்பும் நேரத்தில்தான் கேட்டார்:
'எங்கட பேர மாத்தித்தானே எழுதிற நீங்க.
எனக்கு என்ன பேர் வச்சீங்க கா?'

இரகசியம் பேணல். மூன்றாம் அலகு. ஆறு மணித்தியாலம்.

"பெண் அ" என்றேன்.

'ஒரு எழுத்தா?'
சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.
'ஏழு வருசமா புள்ளயள் வருது.
எல்லா வருசமும் நான்தான் அ-வா?'

பிறகு, அந்த ஏழு கொப்பியும் எங்கே என்றார்.
துறை அலுமாரியில் என்றேன்.
கரையானைச் சொல்லவில்லை.
'ஒண்டாவது இஞ்ச கிடந்தா என்ன?
ஆர் எவ்வளவு கட்டின எண்டு
எங்கட புள்ளைகள்தானே எழுதினது.'
எங்கட என்று அவர் சொன்னது
எந்தப் பிள்ளைகளை என்று கேட்க வாய் வந்தது,
விட்டுவிட்டேன்.
அறுவடை நாளில் ஆளனுப்பவேண்டாம்,
அனுப்பினால் தொப்பியோடு அனுப்புங்கள் என்பதையும்
குறித்துக்கொண்டேன்.

திரும்பும் பாதையில்
புரிந்துணர்வு ஒப்பந்தத்தை போனில் திறந்தேன்.
சமூகம் என்ற சொல் பதினொரு தடவை.
கையெழுத்து இரண்டு, இரண்டும் எங்கள் கரையில்.

ஒன்பது கட்டங்கள் இன்னும் வெறுமை.
திங்கள் எட்டு மணிக்குள் புள்ளி போகவேண்டும்.
தொழில்சார் எல்லைக்கு நேரே
பேனையை வைத்தேன், பாதை ஆடியது,
ஒரு சிறு கீறல் விழுந்தது.
அதை ஒன்று என்றும் வாசிக்கலாம்.
அழிக்க என்னிடம் எதுவும் இல்லை.

அலுமாரிச் சாவி யாரிடம் என்று
துறைத் தலைவருக்குச் செய்தி அனுப்பினேன்.
நடு ஆற்றில் சிக்னல் இல்லை.
சின்ன வட்டம்
சுற்றிக்கொண்டே இருக்கிறது.