பற்று

பத்து ரெங்காஸ் டவுனில்
லாட்டரிக் கடைக்கும் பல் வைத்தியர் கடைக்கும் நடுவே
இருபத்தேழாம் எண் கடைவீட்டு மாடி.
நாளைக்குத் தொண்ணூறு வெள்ளி கூலிக்கு
சுவர் சுரண்டுகிறேன்.

முதல் தோல் வெளிர்பச்சை,
வீடியோ கேசட் வாடகைக்கு விட்ட காலம்.
அதற்கடியில் சங்கத்து ஆபீஸ் மஞ்சள்.
அதற்கடியில் கறுப்பு, புகை.
ஜப்பான்காரன் அரிசி மூட்டை அடுக்கினான் என்கிறார்கள்.
இல்லை, ஆட்களை என்கிறார்கள்.
சுவர் எதுவும் சொல்லவில்லை, உதிர்கிறது.

கடைசியில் நீலம்.
நீலத்தின் மேல் வலமிருந்து இடமாக
தங்கத்தில் ஒரு வரி.
பாதியைக் கரையான் படித்து முடித்திருந்தது.

யூதர்களின் தொழுகைக்கூடம் என்றார் மிஸ் கூய்.
நடுவில் மேடை, மேற்குச் சுவரில் வேதப்பேழை;
எருசலேம் அந்தப் பக்கமாம்.
வங்காளதேசத்து ரஃபிக்குல்
மதியத் தொழுகைக்கு விரிக்கும் அட்டைப்பெட்டியும்
ஏறக்குறைய அந்தப் பக்கம்தான்.
சிமெண்டு மூட்டையைக் கொஞ்சம் நகர்த்திவைத்தேன்.

கட்டியவர் நிசிம் பர்சிலாய், துணிக்கடைக்காரர்.
ஸ்பெயின் என்றோ துரத்திவிட்ட வம்சம்,
இஸ்மீரில் பிறந்து ரங்கூனில் நொடித்து
இங்கே வந்து பால்வெட்டுக்காரர்களுக்குக் கைலி விற்றார்.
கோபம் வந்தால் மட்டும்
துரத்தியவர்களின் பாஷையில் திட்டுவாராம்.

பத்து ஆண்கள் சேர்ந்தால்தான் கூட்டுத் தொழுகை.
ஊரில் இருந்தது ஒன்பது.
பத்தாவது ஆள் ரயிலில் வர வேண்டும்.
மழையில் தண்டவாளம் மூழ்கிய வாரங்களில்
ஒன்பது பேரும் வந்து
சும்மா உட்கார்ந்துவிட்டுப் போவார்களாம்.

பேழைக்குப் பின்னால்
தட்டினால் பறை மாதிரிக் கேட்டது சுவர்.
உள்ளே ஒரு பொந்து,
பொந்து நிறைய கிழிந்த வேதப்புத்தகங்கள்.
கடவுள் பெயர் எழுதிய தாளை
எறியக்கூடாது, எரிக்கக்கூடாது.
மண்ணில் புதைக்கும் நாள் வரும்வரை
ஒளித்துவைக்க வேண்டும், அது அவர்கள் முறை.

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கடன் புத்தகம்.
கணக்கு அவர் எழுத்தில்.
ஓரத்தில் மட்டும் தமிழ்,
கைநாட்டுக்குப் பக்கத்தில் கங்காணி எழுதிய பெயர்கள்.
பெருமாள், கைலி இரண்டு.
மாரியாயி, துண்டுத்துணி, கருவாடு ஒரு கட்டி.
சிவனாண்டி, குடை.
திரௌபதை, பிள்ளைக்குச் சட்டை.
அடுத்த மாதம் அதே பெயர்,
வெள்ளைத் துணி ஒன்றரை கெஜம்.

வரவுப் பக்கம் ஒன்றுமில்லை.

தவறி விழுந்திருக்கும் என்றார் மிஸ் கூய்.
இருக்கலாம்.
ஆனால் யாரோ ஒருநாள் கடை வாசலில் நின்று
அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்,
பெருமாள் என்றால் யார், மாரி என்றால் யார் என்று.
வசூலாகாத புத்தகத்தைக் குப்பைக்குக் கொண்டுபோன கை
அங்கே நின்றிருக்க வேண்டும்.

எங்கள் தோட்டத்தைக் கம்பெனி விற்றபோது
முனியாண்டிக்குப் பதினான்கு நாள் நோட்டீசு.
பதினைந்தாம் நாள் லோரியில் ஏற்றினோம்.
இப்போது பெட்ரோல் நிலையத்துக்குப் பின்னால்
தகரத்துக்குக் கீழே இருக்கிறார்.
கும்பிட ஆள் உண்டு, நிலத்துக்குக் கிராண்டு இல்லை.
இங்கே கிராண்டு உண்டு,
செலவுக்கு வெளிநாட்டுப் பணம் உண்டு.
இதையெல்லாம் நான் யாரிடமும் சொல்லவில்லை.
சுரண்டினேன்.
சுரண்டிய வேகத்தில் நீலத்திலேயே
ஒரு கீறல் விழுந்துவிட்டது.
நானே பூசி மறைத்தேன்.
தெரிந்து பார்த்தால் தெரியும்.

திறப்பு நாளில் மெல்பர்னிலிருந்து
பேத்தி எஸ்த்ரேயா பர்சிலாய் வந்தார், உறவினரோடு.
ஆண்களை எண்ணினார்கள். ஏழு.
சும்மா உட்கார்ந்தார்கள்.
மாடிப்படியில் நாங்களும், செருப்பைக் கழற்றிவிட்டு.
வேதத்தாள்களைப் புதைக்கக் கொண்டுபோனார்கள்.
கடன் புத்தகத்தைக் கண்ணாடிக்குள் வைக்கலாம் என்றார் மிஸ் கூய்.
அந்த அம்மாள் என்னிடம் வந்து
ஓரத்துப் பெயர்களைப் படிக்கச் சொன்னார்.
படித்தேன். கேட்டுக்கொண்டே இருந்தார்.
பிறகு, இதுவும் மண்ணுக்குத்தான் என்றார்.

கூலி வாங்கிக்கொண்டு
தகரக் கொட்டகை வழியாகத்தான் வீட்டுக்குப் போனேன்.
அந்தப் பதினான்கு நாள் நோட்டீசிலும்
அவர் பெயர் தட்டச்சில் இருக்கிறது,
எழுத்துப் பிழையோடு.
நாங்களும் அதை எறியவில்லை.
பீடத்துக்கு அடியில்
பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது.