முப்பத்தேழாம் கேள்வி

ரயர்க்கடைக்கு மேல்மாடி. ஏழு மேசை.
கண்டி வீதியில் பாரவண்டி போனால்
தேநீரில் வளையம் விழும்.
சுகிர்தன் முதல்நாளே சொல்லிவிட்டான்:
எழுதியிருப்பதை எழுதியபடி வாசி.
"நல்லது" சொல்லாதே. "ஐயோ" சொல்லவே சொல்லாதே.
அழுதால் ஐந்து வரை எண்ணிவிட்டு
கேள்வியை இன்னொரு முறை வாசி.
அண்ணை, மாமி, தங்கச்சி என்று
முறை வைத்துக் கூப்பிடாதே.
தெரிந்த குரல் வந்தால் அடுத்த மேசைக்கு மாற்று.

எண்களைக் கணினிதான் பொறுக்குகிறது.
விசுவமடுவில் ஒருவர் கடன் கேள்விக்குச் சிரித்தார்;
சிரிப்புக்குக் கட்டம் இல்லை.
நெடுங்கேணியில் ஒரு பிள்ளை எடுத்து
அப்பா யானை கலைக்கப் போட்டார் என்றது.

பதினொன்றே கால். வட்டக்கச்சி.
நீர்ப்பம்பிதான் முதலில் கேட்டது.
மூன்று தரம் இருமி
நாலாந்தரம் பிடிக்கிற அதே பம்பி.
பிறகுதான் "ஹலோ, ஆர்?"

அரை ஏக்கர் வயல், ஒரு வாய்க்கால் வரம்பு,
ஆறு வருசம்.
நான் மாற்றவில்லை.
நிறுவனத்தின் பெயர் சொன்னேன். சம்மதம் கேட்டேன்.
சற்றுப் பொறுத்து "கேளுங்கோ" என்றாள்.
என்னோடு அவள் ஒருநாளும்
"ங்கோ" போட்டுக் கதைத்ததில்லை.

வயதில் இரண்டைக் குறைத்தாள்; சொன்னதைப் பதிந்தேன்.
குடிதண்ணீர்: பவுசர்.
கூரை: தகரம். எனக்குத் தெரிந்தது ஓடு.
எப்போது மாறியது? படிவத்தில் அது இல்லை.
கடந்த பன்னிரண்டு மாதத்தில்
மருத்துவமனையில் தங்கினீர்களா?
ஓம்.
எத்தனை நாள்? பதினாறு.
ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து.
இந்தமுறை எண்ணியது எனக்காக.

முப்பத்தேழு.
அவசரமென்றால், உங்கள் வீட்டுக்கு வெளியே,
உதவி கேட்கக்கூடிய உறவினர் எவரும் உண்டா?
உண்டு. இல்லை. சொல்ல விரும்பவில்லை.

பம்பி நின்றிருந்தது.
அவள் நிறுத்தினாளோ, மண்ணெண்ணெய் முடிந்ததோ.
"இதுக்கு நீங்களே ஒண்டைப் போடுங்கோவன்."
"நான் போடேலாது, அக்கா."

கண்ணாடிக்கு அப்பால்
ஒட்டுக்கேட்பதே வேலையான சுகிர்தன்
ஹெட்செட்டைக் கழற்றி என்னைப் பார்த்தான்.
அவனுக்கு அது ஒரு விதி மீறல்,
கொப்பியில் ஒரு புள்ளடி.

மறுமுனையில் மூச்சு மட்டும். பிறகு,
"அப்ப, சொல்ல விரும்பேல்லை எண்டு போடு."

போட்டேன்.
மிச்ச நாலு கேள்வியும் வாசித்தேன்.
எழுதியிருந்தபடி நன்றி சொன்னேன்.

அடுத்தநாள் பட்டியலில்
அந்த எண் சிவப்பாய் நின்றது:
பேட்டி செல்லாது.
மீண்டும் அழைக்கவும். வேறொருவர்.