பதினோராவது பார்வை

ஜனவரி கடைசி.
கனடாவில் கிளம்பி இந்த ஆர்கன்சா வயல்வரை
குட்டைக்குக் குட்டை சுடப்பட்டு
மிஞ்சியவைதாம் இப்போது மேலே சுற்றுகின்றன.
ஏமாறக் கூடியதெல்லாம் நவம்பரிலேயே
வாணலிக்குப் போய்விட்டது.

நெல் அறுத்த தாள்மேல் முழங்கால் தண்ணீர்.
வரப்பில் புதைத்த இரும்புப் பெட்டிக்குள்
நான், ஓர்வில், அவன் நாய் பிராண்டி,
ஒரு பிளாஸ்க் காபி,
நாய் நாற்றம்.

எதிரே அறுபது பார்வை வாத்துகள்.
இனத்தைக் காட்டி இனத்தை இறக்கும் பழைய தந்திரம்,
இப்போது பிளாஸ்டிக்கில்.
அத்தனையும் புதுசு, அத்தனையும் தவணை
(அவன் மனைவி ட்ரூடிக்குத் தெரியாது).
பச்சைத் தலைகள் வரிசை பிசகாமல்
பள்ளிக்கூடப் புகைப்படத்துக்கு நின்றன.

ஏழு வந்தன.
ஓர்வில் ஊதினான்.
வாத்துக்குழலில் அவன் மாவட்டத்திலேயே மூன்றாவது;
அதை மறக்க ஒருவரையும் விட்டதில்லை.
வாங்க வாங்க, அரிசி, இலவசம் என்று
தேர்தல் ஜீப்பாய் அலறினான்.
முதல் சுற்று.
இரண்டாம் சுற்றில் கால்களைக்கூட இறக்கின.
பிறகு ஒரு பெட்டை, ஒல்லி, பழுப்பு,
அண்ணாந்த என் முகத்தின் வெளுப்பைக் கண்டாளோ,
அலை இல்லாத தண்ணீரைப் படித்தாளோ,
ஒரே சொல் சொன்னாள்.
ஏழும் வானத்தோடு சுருண்டு போயின.

"காற்று சரியில்லை" என்றான்.
"நீ" என்றேன்.

ஒன்பது மணிவரை இதுவே.
அதற்குமேல் பொறுக்காமல் இறங்கிப்போய்
ஒவ்வொன்றாய்ப் பிடுங்கிச் சாக்கில் போட்டேன்.
கயிறெல்லாம் பனிக்கட்டி, விரலெல்லாம் ஊசி.
ஜப்திக்காரன் மேசை நாற்காலி தூக்குவதைப்
பார்ப்பவன்போல் பார்த்துக்கொண்டிருந்தான் ஓர்வில்.

பத்து வைத்தேன்.
இந்தப் பக்கம் நான்கு, அந்தப் பக்கம் நான்கு,
சண்டை போட்ட தம்பதிபோல் இரண்டு, விலகி.
நடுவே வெறும் நீர்.
விருந்தாளி உட்கார வேண்டுமானால்
ஒரு நாற்காலியாவது காலியாக இருக்க வேண்டாமா?

பதினோராவது தாளுக்குள் கிடந்தது.
போன சனிக்கிழமை அவசரத்தில்
ஓர்வில் தானே சுட்ட சொந்த வாத்து.
விலாவில் பொத்தல், பாதி தண்ணீர் குடித்து
வால் மேலே, தலை சேற்றில்.
எடுக்கக் குனிந்தேன், எடுக்கவில்லை.
அறுபதில் அது ஒன்றுதான்
சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

திரும்பி வந்து குழலைக் கேட்டேன்.
தந்தான். பல் பிடுங்கக் கொடுப்பதுபோல.
ஒரு பார்வையின் கழுத்தில் கட்டிய நூலை
மட்டும் இழுத்து இழுத்து விட்டேன்.
வட்டம், வட்டம், வட்டம்.

வந்தன.
ஒரு சுற்று. இரண்டு. மூன்று.
மூன்றாவதில் பிடரிக்கு நேர் மேலே,
புதுத் துணி கிழியும் ஓசை.
பார்வை வைத்தவர் பார்க்கக் கூடாது.
என் முழங்காலைப் பார்த்தேன்.
பிராண்டியின் நடுக்கம் பலகை வழியே
என் தொடைக்கு வந்தது.
பிறகு காற்றை எதிர்த்து, சிறகைக் குழித்து,
ஆரஞ்சுக் கால்கள்
காலி நாற்காலியைத் தேடின.

அவன் இரண்டு, நான் ஒன்று.
பிராண்டி மூன்று தடவை நீந்தினாள்.
இதில் சொல்ல அதிகமில்லை:
சூடான பறவை கையில் கனக்கும்,
கொஞ்ச நேரம்.

துப்பாக்கியைக் காலி செய்து
மிச்சத்தைப் பொறுக்கும்போதுதான் அது நடந்தது.
ஒல்லிப் பெட்டை தனியாக,
சுற்றாமல், யோசிக்காமல்,
பொத்தல் வாத்தின் பக்கத்தில் இறங்கினாள்.
பத்தடி தூரம்.
தலையைச் சாய்த்து அதைப் பார்த்தாள்.
அதன் வால் ஆடியது.
இவளும் தலையை நீருக்குள் விட்டாள்.

சாக்கைத் தூக்கிய கை தூக்கியபடி
நின்றான் ஓர்வில்.
இன்னொரு கை பையில் குழலைத் தேடிப்போய்,
என்னிடம் இருப்பது நினைவு வந்து, நின்றது.

உதடு அசையாமல் கேட்டான்:
"நாற்பத்தொன்பதைக் கடைக்காரன்
திருப்பி எடுத்துக்கொள்வானா?"

அந்தக் கிசுகிசுப்புக்கு எழுந்தாள் அவள்,
அலகில் ஒரு வைக்கோல் துண்டோடு.