வேலைக்குச் சம்பந்தமில்லாதவை

மாதம் முடியக் கொழும்புக்கு ஒரு பட்டியல் அனுப்ப வேணும்.
யார், எந்தத் தளம், எத்தனை நிமிசம், எத்தனை மெகாபைட்.
கடைசி நிரலின் தலைப்பு:
வேலைக்குச் சம்பந்தமில்லாதவை.

ஸ்ரான்லி வீதி, இரண்டாம் மாடி, சேர்வர் அறை.
கீழே நகை அடைவு, லீசிங், நிலையான வைப்பு.
பதினான்கு பேருக்கு ஒரே இணைப்பு,
அது என் ஊடாகத்தான் போய்வருகிறது.

லீசிங் மேசைச் சசிதரன்
கனடா விசா என்னவாயிற்று என்று நாளுக்கு ஒன்பது தரம் பார்க்கிறான்.
மனேச்சர் குலேந்திரன்
தலைமயிர் நடச் சென்னையில் என்ன விலை என்று பார்க்கிறார்.
(மனேச்சரைப் பட்டியலில் போடுவதில்லை.)
ஒருத்தி சாப்பாட்டு நேரத்தில் தேடினாள்:
கட்டி நோகாவிட்டால் பயமில்லையா.
அன்று பின்னேரம் அவளிடம் பேனை இரவல் கேட்டேன்.
முகத்தைப் பார்க்க ஏலவில்லை.

வீட்டில் எத்தனை பேர் என்று
படலையில் நின்று எழுதிக்கொண்டு போனவனுக்கு
நல்ல வடிவான கையெழுத்து என்று அம்மா சொல்லுவா.
என் பட்டியலும் வடிவானதுதான்.
கோடுகள் நேர், கூட்டுத்தொகை சரி.

ஜெனிற்றா, காசாளர், பாஷையூர்.
அவள் பார்ப்பது ஒரேயொரு பக்கம்:
கடல் வரைபடம், அதில் பச்சை முக்கோணங்கள்,
ஒவ்வொன்றும் ஒரு சரக்குக் கப்பல்.
ஒன்றின் எஞ்சின் அறையில் அவள் புருசன்.
மாதம் நாலு கிகாபைட். கிளையில் முதலிடம்.

செங்கடலுக்குள் போன முக்கோணம்
ஒரு செவ்வாய்க்கிழமை நகராமல் நின்றது.
பயத்தில் கப்பல்கள் அங்கே தம் குரலை அணைத்துவிடுமாம்;
அதை நானும் தேடித்தான் அறிந்தேன்.
அன்று அவள் பக்கத்தைப் புதுப்பித்தது
இருநூற்றுப் பன்னிரண்டு தரம்.
இரண்டு புதுப்பித்தலுக்கு நடுவில்
ஒரு சோடிக் காப்பை நிறுத்து, பதிந்து,
காசு எண்ணிக் கொடுத்திருக்கிறாள்.
ஒரு சதம் பிழைக்கவில்லை.

"உதைப் பூட்டும்," என்றார் குலேந்திரன்.
பூட்டினேன். புதன், பத்து இருபது.
பத்து இருபத்தொன்றுக்கு மேலே வந்தாள்.
"அண்ணை, நெற் வேலை செய்யேல்லைப் போல."
"கேபிளில ஏதோ பிழை, தங்கச்சி."
காசாளர்களின் கைபேசிகள் லாச்சியில் பூட்டியிருக்கும்,
அந்தச் சட்டமும் நான் தட்டச்சு செய்ததுதான்.

வெள்ளி, மூன்று ஐந்து.
எந்தப் பட்டியலிலும் இல்லாத என் திரையில்
சுயஸின் வாயில் முக்கோணம் முளைத்தது.
மணிக்குப் பதினொரு கடல்மைல்.
பாதிப் படி இறங்கிய பிறகுதான் யோசித்தேன்.
உன் ஆள் இருக்கிறான் என்றால்
எனக்கெப்படித் தெரியும் என்பதையும்
சேர்த்தல்லவா சொல்ல வேணும்.

ஏறிப் போய்ப் பூட்டைத் திறந்தேன்.
பத்து நிமிசம் காத்திருந்தேன்.
அவள் அந்தப் பக்கம் போகவில்லை,
இனிக் கிடையாது என்று விட்டிருந்தாள்.
திரும்ப இறங்கிக் கண்ணாடிக்கு இப்பால் நின்றேன்.
"நெற் சரி. இப்ப பாக்கலாம்."
"என்னத்தை?"

கை மட்டும் மவுசுக்குப் போனது.
கண் என்னிலேயே நின்றது.
பிறகு திரைக்கு. பிறகு திரும்பவும் என்னில்.
அழுதாள் என்றுதான் நினைக்கிறேன்.
எதற்கு என்று அப்போது பிரித்துப் பார்க்கவில்லை.

இந்த மாதம் ஜெனிற்றாவின் வரி பூச்சியம்.
மத்தியானத்தில் படிக்கட்டுத் திருப்பத்தில்
சொந்த டேற்றாவில் பார்க்கிறாள்.
என் செருப்புச் சத்தம் கேட்டால் திரை கறுக்கிறது.
அண்ணை என்று இப்போது கூப்பிடுவதில்லை,
சேர் என்கிறாள்.

கொழும்பிலிருந்து பாராட்டி எழுதியிருக்கிறார்கள்.

கப்பல் நேற்றிரவு மால்ட்டாவைத் தாண்டியது.